டெல்டாவில் ராப் பாடுகிறவனிடம் எல்லோரும் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில், கடைமடைப் பக்கம் ஒரு காலனித் தெருவில் பிறந்தவன் நான். ராப் எழுதுகிறேன், பாடுகிறேன். லேபிளும் இல்லை, மேனேஜரும் இல்லை. பகலில் ஒரு செல்போன் கடையில் டிஸ்ப்ளே மாற்றுகிற வேலை. பாட்டு நாலு பேர் காதில் விழ ஆரம்பித்ததிலிருந்து தம்பிமார்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் அனுப்பி விரல் தேய்கிறது. அதனால் மொத்தமாக இங்கே.

தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் கர்நாடக சங்கீதம். இங்கே எப்படி ராப்?

தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் பிறந்தது எங்கள் திருவாரூரில்தான். மறுக்கவில்லை, பெருமைதான். ஆனால் இதே மண்ணில்தான் நடவு வயலில் குனிந்தபடி பாடியவர்களும், சாவு வீட்டில் ராத்திரி முழுக்க ஒப்பாரி வைத்தவர்களும், தப்பு என்கிற பறையை அடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆராதனை விழா நடப்பதில்லை, அவ்வளவுதான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930ல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து 1959ல் போய்விட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் உழைக்கிறவன் பக்கம் நின்று அவர் எழுதியதை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். பீட் மட்டும்தான் குறைகிறது.

ஹிப்ஹாப் பிறந்ததும் மாளிகையில் இல்லை. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளிக்கூடம் திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தார். இசைத்தட்டு போட்டது அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். அந்தப் பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். ஸ்கூல் துணிக்குக் காசில்லாத வீட்டுக் கதை எங்கள் தெருவுக்குப் புரியாதா?

தமிழ் ராப்பில் யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

1994ல் ‘காதலன்’ படத்தில் வந்த ‘பேட்டை ராப்’பை எல்லோரும் சொல்வார்கள், சரி. ஆனால் முழு ஆல்பமாகத் தமிழில் ராப் செய்ய முடியும் என்று என்னை நம்ப வைத்தது மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் 2006ல் போட்ட ‘வல்லவன்’. அடுத்தது 2012, ஹிப்ஹாப் தமிழாவின் ஆல்பம். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு சென்னையில் மேடையேறியது. கானா, பறை, ராப் மூன்றும் ஒன்றாக நின்றன. அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு 2019ல் ‘தெருக்குரல்’ போட்டார். மும்பை தாராவியை விட்டுவிடாதீர்கள். அங்கே இந்திப் பாட்டுக்கு நடுவே திடீரென்று நம்ம பாஷையில் ஒரு வெர்ஸ் வந்து விழும்.

கேளுங்கள். காப்பி அடிக்காதீர்கள். வடசென்னைப் பேச்சை மன்னார்குடிக்காரன் இழுத்துப் பேசினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நம்ம ஊரில் ‘என்ன சொல்றீய’ என்று கேட்போம். அதிலேயே ஒரு தாளம் இருக்கிறது.

முதல் பாட்டு எப்படி வந்தது?

கஜா புயலில். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தெருவில் கீற்று வீடுகளுக்குக் கூரையே இல்லை. தென்னை எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் செல்லுக்கு சார்ஜ் போடக் காசு வாங்கினார்கள். அந்த வரிசையில் நின்றபோதுதான் எழுத ஆரம்பித்தேன். ஹெலிகாப்டரில் வந்து மேலேயே பார்த்துவிட்டுப் போனவர்கள், நிவாரணப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள், வண்டியிலிருந்து தூக்கிப்போட்ட பிரட் பாக்கெட். கோபத்தில் எழுதியதால் அதில் இலக்கணம் எதுவும் கிடையாது. ஆனால் தெருவில் எல்லோரும் அதை ஃபார்வேர்ட் செய்தார்கள். பாட்டு நல்லா இருந்ததால் இல்லை. அவர்கள் பெயரெல்லாம் அதில் வந்ததால்.

ஸ்டூடியோ இல்லாமல் எப்படி ரெக்கார்ட் செய்வது?

செல்போனும் ஒரு ஒயர் இயர்போனும் போதும். ப்ளூடூத் வேண்டாம். பீட் கொஞ்சம் தாமதமாகக் காதில் விழும், நீங்கள் தாளம் விட்டுப் பாடுவீர்கள். பேண்ட்லேப் மாதிரி இலவச ஆப் இருக்கிறது. அதில் பீட்டைப் போட்டு அதன்மேல் குரலைப் பதியலாம்.

பிரச்சினை மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. சிமெண்ட் சுவரில் குரல் மோதித் திரும்பும். துணி தொங்குகிற மூலை, திறந்து வைத்த பீரோ, சுவரில் போர்வை, இவைதான் ஏழையின் ஸ்டூடியோ. ஃபேனை நிறுத்துங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ‘ப’ வரும்போது காற்று அடிக்காமலிருக்க வளையலில் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டி நடுவில் வையுங்கள். சவுண்ட் லெவல் சிவப்பைத் தொடக் கூடாது. கம்மியாகப் பதிந்ததைப் பின்னால் ஏற்றலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது.

நேரமும் முக்கியம். ஆடியில் அம்மன் கோயில் ஸ்பீக்கர், மார்கழியில் விடியற்காலை நாலரைக்கே பக்திப் பாட்டு, ஐப்பசி மழையில் தவளை, அறுவடைக் காலத்தில் மெஷின் சத்தம். மீதி இருப்பது ராத்திரி பன்னிரண்டிலிருந்து மூன்றுதான். அப்போதும் ஒரு நாய் குரைக்கும். என் பாட்டு ஒன்றில் அது அப்படியே இருக்கிறது. எடுக்க முயற்சி செய்து விட்டுவிட்டேன். இப்போது அதைத்தான் எல்லோரும் ‘செம இன்ட்ரோ’ என்கிறார்கள்.

வரி எழுதுவது எப்படி? எனக்கு ரைம் ஈஸியாக வருகிறது, ஆனால் நல்லா இல்லை.

தமிழில் ரைம் ஈஸியாக வருவதுதான் ஆபத்து. வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும் மொழி இது. ‘வருவேன், ஜெயிப்பேன், முடிப்பேன், கொடி புடிப்பேன்’ என்று நாள் முழுக்கப் போகலாம். எல்லா வரியும் ‘ஏன்’ என்று முடியும், ஆனால் எதுவும் ஒட்டாது. பழைய ஆட்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மோனை முதலெழுத்தில், எதுகை இரண்டாம் எழுத்தில், இயைபு கடைசியில். நாம் இயைபை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் பத்தாம் வகுப்புத் தேர்வோடு விட்டுவிட்டோம்.

நான் செய்வது: கடைசிச் சொல்லாகப் பெயர்ச்சொல்லை நிறுத்துவது, எதுகையை வரியின் தலையில் வைப்பது. ஒரு உதாரணம், என்னுடையதே:

கட்டக் கடைசி வாய்க்காலுல காஞ்சு கெடக்கு மதகு,
பட்டாவுல பேரு இல்ல, பயிருக்குள்ள நம்ம முதுகு.

கட்ட – பட்டா எதுகை. கட்ட, கடைசி, காஞ்சு ஒரு மோனை. பட்டா, பேரு, பயிர் இன்னொரு மோனை. மதகு – முதுகு கடைசியில். முதலில் எனக்குக் கிடைத்தது ‘மதகு’ மட்டும்தான். ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறந்து பூத்தூவுகிற போட்டோ பேப்பரில் வரும். எங்கள் மதகுக்குத் தண்ணி வந்து சேர அதற்கப்புறம் எத்தனையோ நாள் ஆகும், சில வருஷம் குறுவைச் சாகுபடியே போய்விடும். அதைச் சொல்ல ஆரம்பித்து, ‘மதகு’க்கு ஜோடி தேடி, கடைசியில் அம்மாவின் முதுகைப் பார்த்துத்தான் அடுத்த வரி வந்தது. ரைம் அகராதியில் தேடியிருந்தால் வந்திருக்காது.

தாளத்துக்குப் பாடம் வேண்டுமானால் தவில்காரர் யாராவது சொல் சொல்வதைக் கேளுங்கள். தகிட மூன்று, தகதிமி நாலு, தகதகிட ஐந்து. ஒரே பீட்டில் மூன்றிலிருந்து நாலுக்குத் தாவுவதைத்தான் இங்கிலீஷ் ராப்பில் ஃப்ளோ மாற்றுவது என்கிறார்கள்.

பீட்டை எங்கே எடுப்பது? யூடியூபில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதே?

அந்த ‘ஃப்ரீ’க்குக் கீழே பொடி எழுத்தில் ‘லாப நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு’ என்று இருக்கும். நீங்கள் பாட்டைப் போட்டு விளம்பரக் காசு வர ஆரம்பித்ததும், யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்துக் காசை பீட்காரருக்குத் திருப்பிவிடும். சில நேரம் பாட்டே முடங்கும்.

காசு கொடுத்து பீட்டை லீஸுக்கு எடுப்பது நம்ம ஊர்க் குத்தகைதான். நிலம் அவருடையது, இத்தனை ஸ்ட்ரீம் வரை, இத்தனை வருஷம் வரை நீங்கள் உழலாம். அதே பீட்டை இன்னும் ஐம்பது பேருக்கும் குத்தகைக்கு விடுவார். எக்ஸ்க்ளூசிவ் என்றால் அப்புறம் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார், விலையும் அதற்கேற்ப. எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். நண்பன் பீட் போட்டுக் கொடுத்தால் அவனோடும் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு ஓடாதவரை எல்லோரும் நண்பர்கள்தான். சாத்தியமானால் பீட் போடுகிறவனை உள்ளூரிலேயே பிடியுங்கள். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கல்லூரிப் பையன்கள் லேப்டாப்பில் பிரமாதமாகப் போடுகிறார்கள்.

தப்பை ராப்பில் சேர்க்க ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

இதைக் கேட்டால் எனக்குப் பேச்சு நிற்காது.

தப்பில் இரண்டு குச்சி. அடிக்குச்சி தடித்தது, சுண்டுக்குச்சி மெல்லிய மூங்கில். அடிக்குச்சி விழுவது கிக் டிரம் இடத்தில், சுண்டு விழுவது ஹைஹேட் இடத்தில். ஒரே ஆள், ஒரே தோல், முழு டிரம் கிட். ஆனால் பல அடிகள் மும்மூன்றாக நடக்கும்; ராப் பீட் பெரும்பாலும் நாலு நாலாக. சும்மா மேலே ஒட்டினால் இரண்டும் சண்டை போடும். நான் செய்வது, பீட்டை நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி வேகத்தில் வைத்து ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்துக் கொள்வது. அப்போது தப்பு தன் நடையிலேயே வந்து உட்காரும்.

அடுத்து, சுதி. தப்பை வாசிக்கும்முன் வைக்கோல் தீயில் காய்ச்சுவார்கள். தோல் இறுகும், சத்தம் கண்ணென்று ஏறும். கார்த்திகை ஈரத்தில் கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்துவிடும். ரெக்கார்டிங் நடுவில் நிறுத்தி மறுபடி காய்ச்ச வேண்டும். மாடி அறையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் தீயைப் பார்த்ததும் பதறுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் தப்பைப் பதியுங்கள். அப்புறம் பேஸ் சத்தத்தைத் தப்பின் சுதிக்கு ஏற்றி இறக்குங்கள். கம்ப்யூட்டரில் தப்பை இழுத்து நீட்டினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, வாசிப்பவர். தப்பு அடிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டி, சாவுக்கு மட்டும் கூப்பிட்டு, தெருமுனையிலேயே நிறுத்திக் கூலி கொடுத்த ஊர்கள் இவை. ‘சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று குச்சியைக் கீழே வைத்த குடும்பங்கள் உண்டு. இன்றைக்குத் தஞ்சாவூர்த் தப்பாட்டக் குழுக்கள் வெளிநாட்டு மேடை வரை போகின்றன. அதனால் ‘லோக்கல் ஃபீலுக்காகக் கொஞ்சம் தப்பு’ என்று யாராவது கேட்டால் நான் கிளம்பிவிடுவேன். வாசித்தவர் பெயர் பாட்டின் விவரத்தில் வர வேண்டும், சம்பளம் பாடுகிறவனுக்கு முன்னால் அவர் கைக்குப் போக வேண்டும்.

சாதியைப் பற்றிப் பாடினால் ஊரில் பிரச்சினை வராதா?

வரும். வெண்மணி எங்கள் பக்கம்தான். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அந்த நினைவிடத்துக்கு வருஷா வருஷம் போகிற ஊரில் பிறந்துவிட்டு ‘பாலிடிக்ஸ் வேண்டாம், வைப் மட்டும்’ என்று என்னால் பாட முடியாது. மற்றவர்கள் பாடட்டும், குற்றமில்லை.

நடைமுறையில் சொன்னால், உயிரோடு இருக்கிற ஆளின் பெயரை வைத்துத் திட்டாதீர்கள், அவதூறு வழக்கு அலைக்கழிக்கும். நடந்ததைச் சொல்லுங்கள், திட்டுவதைவிட அது வலிக்கும். ஒரு திருவிழாக் கமிட்டி ‘அந்த ஒரு வெர்ஸ் மட்டும் வேண்டாம் தம்பி’ என்றது. அந்தப் பாட்டையே பாடாமல் வந்தேன். அடுத்த வருஷம் அதே ஊர்ப் பையன்கள் வேறு மேடை போட்டுக் கூப்பிட்டார்கள்.

பாட்டை ஸ்பாட்டிஃபை, யூடியூபில் போடுவது எப்படி?

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு நேரடியாக அனுப்ப முடியாது, நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். சிலர் வருஷச் சந்தா வாங்குவார்கள், சிலர் வருமானத்தில் பங்கு. சந்தாவைக் கட்டாமல் விட்டால் பாட்டு இறங்கிவிடுகிற திட்டங்கள் உண்டு, படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று ஒரு எண் கிடைக்கும், குறித்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு கூடவே வரும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். வெளியீட்டு நாளுக்குச் சில வாரம் முன்பே ஏற்றுங்கள்.

தம்பி, இதில் சோறு கிடைக்குமா? (பெரும்பாலும் அம்மாக்கள் கேட்பது)

ஸ்ட்ரீமில் கிடைக்காது அம்மா. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024லிருந்து, முந்தைய 12 மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்குக் காசே இல்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு வர ஆயிரம் சந்தாதாரரும், ஒரு வருஷத்தில் 4000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும், இல்லாவிட்டால் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. அதைத் தாண்டினாலும் மாதாமாதம் வருவது ரீசார்ஜுக்கும் டீக்கும் ஆகும்.

காசு மேடையில்தான். கல்லூரி விழா, கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டு விழா, கல்யாண ரிசப்ஷன். தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. நான் எழுதுவதில்லை, எழுதுகிறவர்களைக் குறையும் சொல்ல மாட்டேன், வீட்டு வாடகை யாரையும் விடாது. அதனால் பிள்ளை டிப்ளமோவை முடிக்கட்டும், கைத்தொழில் ஒன்று இருக்கட்டும். நான் இன்னும் கடைக்குப் போகிறேன்.

லேபிள் ஒன்று கூப்பிடுகிறது. கையெழுத்துப் போடலாமா?

என் தாத்தா காலத்தில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், பண்ணையாளைப் பாதுகாக்கவே தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது, 1952ல். வாய்ச்சொல்லில் வேலை வாங்கி, நினைத்த நேரத்தில் வெளியே போ என்று சொல்ல முடிந்ததால்தான். அந்த வீட்டிலிருந்து வந்தவன் என்பதால் பேப்பர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய வரி எழுதிய நொடியிலிருந்து உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 வருஷம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் வழக்குக்கு உதவும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை ஒரேயடியாக எழுதிக் கொடுக்கவே முடியாது. அந்தக் காசை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. வெளியான பாட்டு இருந்தால் உறுப்பினராகலாம். பலருக்கு இது தெரியாததால்தான் ‘மொத்த உரிமைக்கும் இந்தா பத்தாயிரம்’ என்கிற பேரம் நடக்கிறது.

ஒப்பந்தத்தில் நான்கு இடத்தைத் தேடுங்கள்: மாஸ்டர் (பாட்டின் மூல ஒலிப்பதிவு) யாருக்கு, எத்தனை வருஷம், கணக்கு எப்போது காட்டுவார்கள், வெளியே வர வழி என்ன. ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று இருந்தால் அது குத்தகை இல்லை, கிரயம். ஒரு சேனல் என் பாட்டை வாங்கும்போது ‘மூன்று வருஷம்தான் தம்பி’ என்று வாயால் சொன்னார்கள். பேப்பரில் வருஷமே இல்லை. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், அதோடு பேச்சு நின்றது. பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். 2021ல் உலகம் முழுக்க ஓடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று 2024ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. அவர்களுக்கே கணக்குக் கேட்கிற நிலைமை என்றால் நமக்கு?

சென்னைக்குப் போனால்தான் முன்னேற முடியுமா?

வேலை இருந்தால் ரயில் ஏறுங்கள், முடிந்ததும் திரும்புங்கள். அங்கே ரூம் வாடகை கட்டிக்கொண்டு வாய்ப்புக்குக் காத்திருப்பதற்கு இங்கே நாலு பாட்டு போடலாம்.

பெண்கள் ராப் பாடலாமா? வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே பெரிய ராப்பர் என் அத்தை. ஒப்பாரியில் செத்தவரின் பெயர், குணம், கடன், அவர் கட்டிய வீடு எல்லாவற்றையும் மூச்சு விடாமல், எழுதி வைக்காமல் கோத்துக்கொண்டே போவார். அதற்குப் பெயர்தான் ஃப்ரீஸ்டைல். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்வில் பாடிய இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானாவில் வந்து நின்று, 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள் தங்கச்சி. ராத்திரி ரெக்கார்டிங்குக்கு அனுப்பப் பயப்படுகிறார்கள் என்றால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு பகலில் வாருங்கள். கமெண்டில் வருகிற அசிங்கத்தை நீங்கள் படிக்காதீர்கள், அழிக்கிற வேலையை ஒரு நண்பனிடம் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் விழாவுக்கு உங்களைக் கூப்பிட என்ன செய்ய வேண்டும்?

பாதி அட்வான்ஸ், மீதி மேடை ஏறும்முன். நாங்கள் நாலு பேர்: நான், கூடப் பாடுகிறவன், தப்பு இரண்டு. மைக் நாலு வேண்டும், அதில் பாடுகிற மைக் இரண்டும் ஒயர் உள்ளதாக இருக்கட்டும். மைக்செட் அண்ணனிடம் ‘எக்கோ வேண்டாம்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். ராப்பில் எக்கோ வைத்தால் ஒரு வார்த்தையும் புரியாது. நாங்கள் சொன்னால் அவர் கோபித்துக்கொள்கிறார். தப்பு காய்ச்ச மேடைக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோலும் ஒரு குடம் தண்ணீரும். எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. இதில் பேரம் கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் எட்டரைக்காவது மேடையைக் கொடுங்கள். பரிசளிப்பு, பொன்னாடை, எம்எல்ஏ பேச்சு எல்லாம் முடிந்து ஒன்பதே முக்காலுக்கு ஏற்றிவிட்டால் இரண்டு பாட்டுதான் பாட முடியும், சம்பளம் முழுசாகத்தான் வாங்குவோம்.